ஒன்பதாம் நம்பர் மலையின் எதிரி

கிளென்வாரித் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் புத்தகத்தில் அந்த விமானம் ‘மருந்தடிக்கும் பம்பு, பெரியது, ஒன்று’ என்று பதிவாகியிருக்கிறது. மேல் வரியில் கவ்வாத்துக் கத்தி நாற்பது. கீழ் வரியில் ரப்பர் சப்பாத்து பதினாறு சோடி. அதில் ஒரு சோடியில் இரண்டுமே இடது கால். எழுதியவன் லோஜன். எழுதச் சொன்னது இராணுவம்.

லோஜன் ஸ்டோர் கிளாக்கர். முப்பது வயது, பட்டதாரி. சிங்களமும் இங்கிலீசும் தெரியும் என்பதால் சனங்களின் மனுக்களை அவன்தான் எழுதுவான். தோட்ட நிர்வாகியான தொரை சொல்லச் சொல்ல அந்த மனுக்களை நிராகரிக்கும் பதிலையும் அவன்தான் தட்டச்சு செய்வான். தோட்டத்துக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அவன் மனைவி கேஷிகா இறந்து இரண்டு வருடமாகிறது. ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டியது. மலையோரத்து யூக்கலிப்டஸ் மரத்தில் கொழுந்துச் சாக்கு அளவுக்கு ஒரு கூடு. அது இப்போதும் அங்கேதான் தொங்குகிறது, கொஞ்சம் பருத்திருக்கிறது. கேஷிகாவின் அம்மா ராசம்மா எட்டு நாளைக்கு ஒருமுறை அதே மலையில், அதே மரத்தடியில் கொழுந்து எடுக்கிறாள். தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு போவாள். மாலையில் அவள் திரும்பி வருவதை ஸ்டோர் வாசலில் நின்று பார்த்த பிறகுதான் லோஜன் கதவைப் பூட்டுவான்.

கூட்டை அகற்றச் சொல்லி இதுவரை பதினேழு மனு அனுப்பியிருந்தான். மரம் ஓர் இலாகாவுக்குச் சொந்தம், மரம் நிற்கிற நிலம் இன்னொன்றுக்கு. அனுமதி இல்லாமல் யாரும் மரத்தைத் தொடக் கூடாது என்று தோட்டம் அறிவித்தல் ஒட்டியது. மூன்றாவதான வனவிலங்கு இலாகாவிலிருந்து வந்த பதில் இப்படி இருந்தது: ‘குளவி காட்டில் வாழ்கிறது என்பதை ஏற்கிறோம். ஆயினும் அது விலங்கு என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை.’

ஸ்டோர் புத்தகத்தில் லோஜன் புரட்டாத பக்கம் ஒன்று உண்டு. பிறகு அதற்கு வருவோம். முதலில் விமானம்.

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தலவாக்கலையிலிருந்து ஐந்து இராணுவ லொறிகள் மேலேறி வந்தன. ஒன்றில் உடம்பு, இரண்டில் இறக்கைகள், ஒன்றில் வால், கடைசி லொறியில் நாற்காலிகள். விளையாட்டு மைதானத்தை நீட்டி ஓடுபாதையாக்க, நாலாம் நம்பர் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் தேயிலையைப் புல்டோசர் பிடுங்கிப் போட்டது. அந்த இரண்டு ஏக்கரில் ஆளுக்கு ஏழு பேர்ச் காணி கேட்டு லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் சனம் இருபது வருடம் காத்திருந்தது. சரிவான நிலம், வீடு கட்ட உதவாது என்று பதில் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் அது சமமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்து அனுப்பும் கூட்டத்துக்கு, கேணல் வந்தார். அவர் சிங்களத்தில் பேச, லோஜன் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னான்.

“இந்த நாட்டில் விமானம் வைத்துக்கொள்ளும் உரிமை விமானப்படைக்கு மட்டும்தான் உண்டு. அது விதி. இராணுவம் விதியை மீறாது. ஆகவே இது விமானம் அல்ல.”

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு இரண்டு இறக்கையும், மூக்கில் ஒரு காற்றாடியும், ஓர் ஆள் உட்காரக் கண்ணாடிக் கூண்டும் இருந்தன.

“அப்ப இது என்னாங்க?” என்று ராசம்மா கேட்டாள்.

“மருந்தடிக்கும் பம்பு. வெளிநாட்டில் பயிருக்கு மருந்து தெளிக்கச் செய்தது. நாங்கள் இரண்டு சிறு திருத்தங்கள் மட்டும் செய்திருக்கிறோம்.”

சிறு திருத்தங்கள் இரண்டும் இறக்கைக்கு அடியில் கொழுந்துச் சாக்கால் போர்த்தப்பட்டிருந்தன. சாக்குக்கு வெளியே குழல் நீட்டிக்கொண்டிருந்தது.

மருந்தடிக்கிற ஆட்களின் தலைவன் சோலைமலை. முப்பது வருடமாக முதுகில் பம்பு சுமப்பவன். அவன் கையை உயர்த்தினான். “பறக்குறப்ப அது விமானந்தானுங்களே?”

“பறக்கும்போது அது உயரத்தில் இருக்கும் பம்பு,” என்றார் கேணல். “எங்களுக்கு இது ஏன் தேவை என்று நீங்கள் கேட்கலாம். தரையில் நிற்கும் சிப்பாய்க்கு ஆபத்து என்றால், மேலிருந்து அடிக்க நாங்கள் விமானப்படையிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் மூன்று பிரதியில் விண்ணப்பம் கேட்கிறார்கள். எங்களிடமே ஒன்று இருந்தால் எங்களிடமே விண்ணப்பிக்கலாம். எங்களுடைய விண்ணப்பம் ஐந்து பிரதி. ஆனால் அது எங்களுடைய விண்ணப்பம்! போர் முடிந்த இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அவர்கள் எங்களுக்கு நேரத்துக்கு விமானம் அனுப்பியிருக்கிறார்களா?”

கேணல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோஜன் அதை மொழிபெயர்க்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. இரண்டு வருடமாக அவனுக்கு எதுவும் வருவதில்லை.

செய்தி எப்படியோ விமானப்படைக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் மடிப்புக் கலையாத நீலச் சீருடையில் ஒரு விங் கமாண்டர் வந்து இறங்கினார். கேணல் ஸ்டோர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். விங் கமாண்டர் மேல் வரியையும் கீழ் வரியையும் வாசித்தார்.

“நல்லது. பம்பு என்றால் பம்பைப் போல நடத்தப்பட வேண்டும். நான் ஒரு கிழமை இங்கே தங்கிப் பார்க்கிறேன்.”

மறுநாளிலிருந்து விமானத்தை ஓட்டும் கப்டன், காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில், மருந்துக்காரர் வரிசையில் சோலைமலைக்குப் பின்னால் நின்றார். கண்டாக்கு பெரியதம்பி பெயர் கூப்பிட்டார். இருபத்தைந்து வருடமாக மலைகளை மேற்பார்வை செய்கிறவர். எந்த அதிகாரியைக் கண்டாலும் இன்னும் குடையை மடக்கிக்கொள்வார். ஆனால் சட்டம் என்று வந்தால் இரும்பு.

“மழ தூறுதுங்க,” என்றார் பெரியதம்பி. “தூறல்ல பம்பு வெளிய போகாது. மருந்து கழுவிக்கிட்டுப் போயிரும்.”

“இதில் மருந்தே இல்லை!” என்றார் கேணல்.

விங் கமாண்டர் பேனாவைத் திறந்தார்.

“அதாவது, இன்று இல்லை,” என்றார் கேணல்.

நான்கு நாள் தூறியது. நான்கு நாளும் கப்டன் வரிசையில் நின்று, பம்பு இல்லையென்று கேட்டுவிட்டு, புல் வெட்ட அனுப்பப்பட்டார். ஐந்தாம் நாள் வெயில் வந்தது. விமானம் புறப்பட்டது, இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியது. சோலைமலை ஒரு வாளியோடு காத்திருந்தான்.

“கழுவிக் குடுங்க, கப்டன் ஐயா. கழுவாத பம்புக்கு அரைநாச் சம்பளந்தான்.”

“முழுவதையுமா?”

“எங்க பம்ப நாங்க அரகொறையாவா கழுவுறோம்?”

கப்டன் இருட்டும்வரை கழுவினார். நல்ல பையன். மொனராகலையில் தன் வீட்டிலும் ஒரு பம்பு இருப்பதாகச் சோலைமலையிடம் சொன்னார்.

விங் கமாண்டர் விடவில்லை. “பம்பு சரி. எந்தப் பூச்சிக்கு?” என்று கேட்டார். “பூச்சி இல்லாத தோட்டத்துக்கு எதற்குப் பம்பு? வரும் சனிக்கிழமை மேலதிகாரிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் பூச்சியைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் இதை எங்களிடம் ஒப்படையுங்கள்.”

அன்று மத்தியானம் கேணல் ஸ்டோர் வாசலில் ஓர் உரமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. “எனக்கு ஓர் எதிரி வேண்டும், மல்லி,” என்று லோஜனைச் சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார். “சின்னதாக இருந்தாலும் போதும்.”

லோஜன் மேசை லாச்சியைத் திறந்து பதினேழாவது மனுவின் பிரதியை எடுத்துக் கொடுத்தான்.

கேணல் வாசித்தார். வாசிக்க வாசிக்க நிமிர்ந்தார். “இதற்கு முகாம் இருக்கிறது. தலைமை இருக்கிறது, அதுவும் ராணி. காவல் இருக்கிறது. பொதுமக்களைத் தாக்கியிருக்கிறது. இவ்வளவு நாள் இதை ஏன் மறைத்து வைத்தாய்?”

“பதினேழு தடவை எழுதினேன், சேர்.”

“உயிர்ச்சேதம்?”

“ஒன்று.”

“ஆதாரம்?”

லோஜன் மரணச் சான்றிதழைக் காட்டினான். அதில் காரணம் ‘இருதயம் நின்றது’ என்று இருந்தது. குளவி என்று மாற்றச் சொல்லி அவன் மூன்று முறை போய்வந்திருந்தான். இருதயம் நின்றதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். நின்றது என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கேணல் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தார். அடுத்த நாள் பதிவாளர் லோஜனைக் கூப்பிட்டுப் புதிய சான்றிதழைக் கொடுத்தார். மை காயவில்லை. மரணத்துக்குக் காரணம்: எதிரியின் வான்வழித் தாக்குதல்.

“குளவின்னு போடலாமேங்க,” என்றான் லோஜன்.

“குளவிக்கு எங்கிட்ட நம்பர் இல்ல தம்பி,” என்றார் பதிவாளர். “எதிரிக்கு நம்பர் இருக்கு.”

பஸ்ஸில் திரும்பும்போது அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கேஷிகா குளவியையும் எதிரியென்று சொன்னவள் அல்ல. “அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க, நாமதான் அங்க போறோம்,” என்பாள்.

‘வான்வழி’ என்ற அந்த ஒரு சொல் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது. விங் கமாண்டர் சான்றிதழின் பிரதியை மேசையில் தட்டினார். “பறந்து வந்து தாக்கும் எதிரி விமானப்படைக்குச் சொந்தம். உங்கள் பம்பு தரை எதிரியைத்தான் அடிக்கலாம்.”

“கூடு தரையில் இருக்கிறது,” என்றார் கேணல்.

“மரத்தில் இருக்கிறது.”

“மரம் தரையில் இருக்கிறது.”

அளந்துவிட முடிவாயிற்று. இரண்டு படையும் நாடாவோடு ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறின. அங்கேதான் சிக்கல். மலையில் தரை ஒன்றாக இருப்பதில்லை. கீழ்க் கானிலிருந்து, அதாவது வடிகாலிலிருந்து, அளந்தால் கூடு இருபத்திரண்டு அடி உயரத்தில் இருந்தது, அது வானம். மேல் மண்மேட்டிலிருந்து அளந்தால் எட்டடி, அது தரை. விமானப்படை கீழே நின்றது. இராணுவம் மேலே நின்றது. இடையில் லோஜன் நாடாவின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டின் இரைச்சல் அவன் காதுக்குக் கேட்டது. அதிகாரிகள் மெதுவாகப் பேசினார்கள், ஆனால் நிறுத்தாமல் பேசினார்கள்.

வியாழக்கிழமை ஒப்பந்தம் கைச்சாத்தானது. கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை குளவி தரை எதிரி, அதிகாரம் இராணுவத்துக்கு. கூட்டை விட்டு எழுந்த கணத்திலிருந்து வான் எதிரி, அதிகாரம் விமானப்படைக்கு. மூன்று மொழியிலும் தயாரித்தார்கள். தமிழ்ப் பிரதியை லோஜன் எழுதினான்.

“கூடு போயிருமா தம்பி?” என்று ராசம்மா கேட்டாள்.

“சனிக்கிழம போயிரும் அத்த.”

அவன் எதையும் உறுதியாகச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ராசம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். பெரியதம்பி வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கப்டன் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுப் பம்பை எடுத்துக்கொண்டார். மைதானத்துப் பந்தலில் மேலதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சுற்றிவரத் தேயிலை, அவர்களுக்குக் கொடுத்தது பக்கற்றுப் பழச்சாறு. ஒன்பதாம் நம்பரை மூடியிருந்தார்கள். ராசம்மாவின் கும்பல் பக்கத்து எட்டாம் நம்பரில் கொழுந்து எடுத்தது. எட்டைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.

கேணல் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இன்று வரலாற்றில் முதல் தடவையாக, யாரிடமும் கேட்காமல் அடிக்கப்போகிறோம்!”

விமானம் எழுந்தது. மலையை ஒட்டித் திரும்பியது. அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில் முட்டித் திரும்பியது. லயத்துத் தகரங்கள் அதிர்ந்தன. குளவிகளுக்கும் கேட்டிருக்க வேண்டும்; மரத்திலிருந்து புகைபோல ஒன்று கிளம்பிப் பரவியது.

ஒலிபெருக்கியில் கப்டனின் குரல் வந்தது. “எதிரி கூட்டை விட்டு எழுந்துவிட்டது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவின்படி அதிகாரம் கைமாறிவிட்டது. திரும்புகிறேன்.”

கேணல் விங் கமாண்டரைப் பார்த்தார். மேலதிகாரிகளும் விங் கமாண்டரைப் பார்த்தார்கள்.

“இப்போது எங்களுடையது,” என்று விங் கமாண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “விண்ணப்பம் கொடுங்கள். மூன்று பிரதி. புதன்கிழமைக்குள் அனுப்பிவைக்கிறோம்.”

எட்டாம் நம்பரில் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். லோஜன் பந்தலைத் தாண்டி ஓடியபோது, இன்னும் பேச்சு இருக்கிறது, மொழிபெயர்ப்பவன் எங்கே போகிறான் என்று யாரோ கேட்டது அவன் காதில் விழுந்தது. ராசம்மாவைக் கானுக்குள் கண்டுபிடித்தான். முக்காட்டால் முகத்தை மூடிக் குப்புறக் கிடந்தாள்.

“ஒண்ணுமில்ல. கையில ரெண்டுதான்,” என்றாள். எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “அவளுக்கு நாப்பத்திரண்டு.”

எண்ணியது ராசம்மாதான். ஆஸ்பத்திரியில், ஒவ்வொன்றாக.

கேணலின் அறிக்கையை அன்று மாலையே லோஜன் தட்டச்சு செய்தான். ‘எமது பம்பைக் கண்டதும் எதிரி முகாமை விட்டு வெளியேறியது. பொதுமக்கள் ஒழுங்காகப் பின்வாங்கினர். முழு வெற்றி.’ கீழே ஒரு பரிந்துரை இருந்தது. இப்படியொரு எதிரி கிடைப்பது அரிது. ஆகவே அந்தக் கூடு நிரந்தரப் பயிற்சி இலக்காக அறிவிக்கப்படுகிறது; அதை எவரும் சேதப்படுத்தலாகாது. ஸ்டோர் புத்தகத்திலும் ஏற்ற வேண்டும். லோஜன் எழுதினான்: ‘எதிரி, ஒன்று.’

ஞாயிறு காலை மரத்தடியில் பலகை நட்டார்கள். பத்து மணிக்கு பெரியதம்பி குடையை மடக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்.

“நாளைக்கு ஒம்பதாம் நம்பர். கொழுந்து முத்திப்போச்சு, தொரை ஏசுறாரு.”

“கூடு இருக்குங்களே, கண்டாக்கையா.”

“இருக்கு. அதத் தொடாம எடுக்கச் சொல்லியிருக்கு. சத்தம் போடக்கூடாதாம், எதிரி கலையக்கூடாதாம்.” அவர் லோஜனின் முகத்தைப் பார்க்கவில்லை. “நா என்னா செய்ய? எனக்கும் மேல ஆளு இருக்கு.”

அவர் போன பிறகு லோஜன் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினான். அந்தப் பக்கம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமை. சோலைமலை வந்து நின்றான். ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய் குடுங்க கிளாக்கரையா, அந்தக் கூட்டக் கொளுத்திப்புடுறேன் என்றான். கண்டாக்கு எழுதித் தரும் துண்டு இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒன்றும் வெளியே போகக் கூடாது. கண்டாக்கு அன்று ஹட்டனுக்குப் போயிருந்தார். துண்டு கொண்டு வாங்க, தர்றேன் என்றான் லோஜன். விதியைச் சரியாகப் பிடித்ததற்குச் சாட்சியாக அதை எழுதியும் வைத்தான். அவனுடைய கையெழுத்து, அழகானது: ‘மண்ணெண்ணெய், இரண்டு போத்தல் கேட்கப்பட்டது. துண்டு இல்லை. கொடுக்கவில்லை.’ அடுத்த செவ்வாய்க்கிழமை கேஷிகா போனாள்.

பதினேழு மனுவிலும் அவன் எழுதாத ஒரே விஷயம் அதுதான்.

பொழுது சாயும் நேரம் லோஜன் சோலைமலையின் லயத்துக்குப் போனான். சோலைமலை அடுப்படியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். லோஜனின் கையில் இருந்த இரண்டு போத்தலையும் பார்த்தான்.

“துண்டு?”

“இல்ல.”

சோலைமலை ரொட்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அது அவனுடைய பெருந்தன்மை.

குளவிகள் கூட்டுக்குத் திரும்பும் நேரம். எல்லாமே தரை எதிரிகள். மேல் மண்மேட்டில் நின்று, மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். மூங்கிலை லோஜன் பிடித்தான். சோலைமலை தர மறுத்துப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். கூடு காய்ந்த கடதாசி மாதிரி எரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம், மூன்று இலாகா, இரண்டு படை, ஒரு விமானம். வேலை ஐந்து நிமிடம்.

தப்பிய குளவிகள் அவன் கழுத்தில் மூன்று இடத்தில் கொட்டின. லோஜன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. வாய்விட்டுக் கத்தினான். கத்துவதை நிறுத்த அவனால் முடியவில்லை. சோலைமலை பந்தத்தை மண்ணில் புதைத்து அணைத்துவிட்டு, திரும்பி நின்றுகொண்டான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கேணல் ஸ்டோருக்குள் பாய்ந்தார். பின்னாலேயே விங் கமாண்டர். வெளியே, ஒன்பதாம் நம்பர் மலையில், பெண்கள் வரிசை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ராசம்மா முக்காட்டைத் தோளில் போட்டிருந்தாள்.

“எதிரி எங்கே?” என்றார் கேணல்.

“எரிஞ்சிருச்சி, சேர்.”

“கூட்டில் இருந்தபோதா, பறந்தபோதா?” என்று கேட்டார் விங் கமாண்டர்.

“தூங்குறப்ப,” என்றான் வாசலில் பம்போடு நின்ற சோலைமலை.

ஒப்பந்தத்தில் தூக்கத்துக்குப் பிரிவு இல்லை. இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு கணம்தான்.

“யார் கொடுத்த அதிகாரத்தில்?” என்றார் கேணல். “அனுமதிப் பத்திரம் எங்கே? துண்டு எங்கே?”

வீங்கிய கழுத்தைத் திருப்ப முடியாமல் லோஜன் உடம்போடு திரும்பினான். ஸ்டோர் புத்தகத்தை எடுத்து, விரித்து, அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தான். தமிழில்தான் எழுதியிருந்தான். கேட்டார்கள், மொழிபெயர்த்துச் சொன்னான்.

‘மண்ணெண்ணெய், இரண்டு போத்தல். துண்டு இல்லை. கொடுத்தேன்.’